எலிக்கும் பிரஷர் பார்க்கிறார்கள்!

ஹீலலிகே ஸ்டேஷனில் இறங்கி, சந்தாபுரா சர்க்கிள் வழியாக ஷிப்டுக்கு ஓடும் நம்மவர்களில் சிலராவது சட்டைப்பையில் பிரஷர் மாத்திரை வைத்திருப்பவர்கள். அதை நமக்கு முன்பே விழுங்கியது யார் தெரியுமா? எலி!

பக்கத்துப் பொம்மசந்திராவில் பயோகான், சின்ஜீன் போன்ற மருந்து ஆராய்ச்சிக் கம்பெனிகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். புது மருந்து ஒன்று இரத்த அழுத்தத்தை என்ன செய்கிறது என்று முதலில் பிராணிகளிடம் பார்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். பரம்பரையாகவே பிரஷர் வரும் எலி வம்சம் ஒன்றை ஜப்பானின் கியோட்டோவில் ஒகாமோட்டோ, அவோகி என்ற இருவர் உருவாக்கி 1963-ல் அறிவித்தார்கள்.

சரி, கால் கிலோ எலிக்குப் பட்டையை எங்கே கட்டுவது? வாலில்தான். எலியைக் குறுகலான குழாய்க்குள் அடைத்து, வாலைச் சூடாக்கி, பட்டை சுற்றிக் காற்றடிப்பார்கள். வம்பு அங்கேதான். மிரண்ட எலிக்கு அழுத்தம் எகிறிவிடும். டாக்டர் கையில் பட்டையைப் பார்த்ததுமே எனக்கு ஏறிவிடுகிறது. எலியைக் குறை சொல்வானேன்? அளந்தது நோயையா, பயத்தையா என்று தெரியாமல் மருந்தின் குணத்தை எப்படி நிர்ணயிப்பது?

இதற்கு வழியாக வந்ததுதான் உள்ளே வைக்கும் கருவி. மயக்க மருந்து கொடுத்து, வயிற்றுக்குள் கட்டைவிரல் நுனியளவு கருவியை வைத்து, அதன் மெல்லிய குழாயைப் பெரிய இரத்தக் குழாயில் செருகித் தைத்துவிடுகிறார்கள். புண் ஆறியதும் எலி தன் கூண்டில் தின்று, திரிந்து, தூங்குகிறது. நிமிஷத்துக்கு முந்நூறு தடவைக்கு மேல் துடிக்கும் இதயத்தின் ஒவ்வொரு துடிப்பும், கூண்டுக்கு அடியிலுள்ள தட்டுக்கு ரேடியோ அலையாக வந்து சேர்கிறது. பகலில் அழுத்தம் இறங்குவதும் இரவில் ஏறுவதும் அப்படியே பதிவாகிறது. எலி நிரந்தர நைட் ஷிப்ட்காரர் அல்லவா!

ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் குதிரையைக் கட்டிப்போட்டுக் கண்ணாடிக் குழாயில் இரத்தம் எட்டடிக்கு மேல் ஏறியதை அளந்து, 1733-ல் புத்தகமாக வெளியிட்டார். குதிரை பிழைக்கவில்லை.

நம் நாட்டில் 1960-ம் வருஷத்துப் பிராணிவதைத் தடைச் சட்டம் இருக்கிறது. கமிட்டியின் அனுமதியில்லாமல் இந்தச் சோதனைகளைச் செய்ய முடியாது. 2023-ல் பிராணிகள் இல்லாத சோதனை முறைகளுக்கும் விதிகளில் இடம் தந்தார்கள். ஒரே எலியைப் பல நாள் அளக்க முடிவதால், எலிகளின் எண்ணிக்கையும் குறைகிறது.

ஆனாலும் சோதனை முடிந்தபின் எலியைக் கொன்றுவிடுவதே பெரும்பாலும் வழக்கம். கருவியை மட்டும் எடுத்து, சுத்தம் செய்து, அடுத்த எலிக்கு வைக்கிறார்கள்.