வல்லாரை வளர்ப்பு

வல்லாரை (தாவரவியல் பெயர்: செண்டெல்லா ஏசியாட்டிக்கா) ஈரமான இடங்களில் தரையோடு படர்ந்து வளரும் பல்லாண்டுப் பூண்டு ஆகும். இது கொத்தமல்லியின் குடும்பத்தைச் சேர்ந்தது. கருநாடக எல்லையை ஒட்டிய ஓசூர்ப் பகுதியில் இக்கீரை தமிழில் வல்லாரை என்றும், கன்னடத்தில் ஒந்தெலகா என்றும், தெலுங்கில் சரசுவதி ஆக்கு என்றும் அழைக்கப்படுகின்றது. நீர்ப்பிரமி என்பது வேறு செடியாகும்.

வளர்ப்பு

விதையைவிட வேர்விட்ட தண்டுத்துண்டுகளை நடுவதே எளிது. மண்ணைத் தொடும் கணுக்கள் வேரூன்றிப் புதுச்செடிகளாகின்றன. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரின் மிதமான தட்பவெப்பம் இதற்கு ஏற்றது. எனினும் கோடையில் பகுதி நிழல் தேவை. படர்ந்தபின் தண்டை விட்டு இலையை மட்டும் கிள்ளினால் மீண்டும் துளிர்க்கும்.

நீரின் தரம்

வல்லாரை, தான் வளரும் மண்ணிலுள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்து வைக்கக்கூடியது. இலையைக் கழுவினால் மேலுள்ள அழுக்கு நீங்குமே தவிர, உள்ளே சென்ற உலோகம் நீங்காது. பச்சையாகவும் துவையலாகவும் உண்ணப்படும் கீரை என்பதால் இது முக்கியமானது. ஓசூர் அருகே தென்பெண்ணையின் குறுக்கே உள்ள கெலவரப்பள்ளி அணையில், பெங்களூருப் பகுதியின் கழிவுநீர் கலந்து நுரை பொங்குவது பலமுறை செய்தியாகியுள்ளது. ஆகவே ஆற்றோரத்திலோ தொழிற்பேட்டை வடிகாலருகிலோ தானே முளைத்த வல்லாரையைப் பறித்தல் கூடாது. தூய மண் நிரப்பிய அகன்ற தொட்டியில் மழைநீர் அல்லது குடிநீர் ஊற்றி வளர்க்கலாம். தொட்டியின் துளையை அடியில் இடாமல் பக்கவாட்டில் சற்று உயரத்தில் இட்டால் அடிமண் எப்போதும் ஈரமாக இருக்கும்.