பணக்கார வேடத்துக்குக் கிடைத்த மரியாதை

"சாமி, நல்ல இடந்தானா என்று கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள்" என்று கீழச்சிவல்பட்டிப் பக்கத்துப் பெற்றோர் என்னிடம் வருவதுண்டு. 'இடம்' என்று அவர்கள் குறிப்பது வீடு, நிலம், சம்பளம் ஆகியவற்றையே என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவ்வேளைகளிலெல்லாம் 1964இல் வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை' திரைப்படத்தின் விசுவநாதன் என் நினைவில் எழுகிறார்.

ஸ்ரீதர் இயக்கிய அவ்வண்ணப்படத்தை நகைச்சுவைக்காகவே நாம் போற்றுகிறோம். நாகேஷ் பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியில் வயிறு குலுங்கச் சிரித்தவர்களுள் நானும் ஒருவன். ஆயினும் கதையின் ஆணிவேர் பணமே. எஸ்டேட் உரிமையாளரான விசுவநாதன் தம் புதல்வியரைச் செல்வர் வீட்டில் கொடுக்க விழைகிறார். அவரிடம் வேலையிழந்த அசோக், அவர் மகளையே காதலிக்கிறான். தான் பெருஞ்செல்வரின் மகன் எனப் பொய்யுரைத்து, நண்பன் வாசுவுக்கு முதியவர் வேடமிட்டுத் 'தந்தை'யாக அழைத்து வருகிறான். வேண்டாமென்று விரட்டப்பட்டவனுக்கு இப்போது என்ன உபசாரம்! பையன் அவனேதான், அவன் குணத்தில் அணுவளவும் கூடவில்லை.

அசோக்கின் பொய்யை நான் நியாயப்படுத்தவில்லை. சம்மதம் பெறும்பொருட்டு, இல்லற வாழ்வைக் கடுமையாகக் குலைக்கக்கூடிய ஒரு தன்மையைக் குறித்து வஞ்சிக்கப்பட்டவரின் திருமணம் செல்லாது என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு (எண் 1098) கூறுகிறது. ஆனால் அப்பொய்க்கு வாசலைத் திறந்து வைத்திருந்தவர் தந்தையல்லவா?

படத்தின்மீது எனக்கு ஒரு குறையும் உண்டு. வாசு மெய்யாகவே செல்வந்தர் வீட்டுப் பிள்ளையாக இருந்துவிடுகிறான். இதனால் விசுவநாதனின் மனம் முழுச் சோதனைக்கு உட்படாமலே தப்பிவிடுகிறது. இரு மருமகன்களும் ஏழைகளாக இருந்திருந்தால்?

இப்படத்துக்குப் பாடல் எழுதிய கண்ணதாசன் நம் அண்டையூரான சிறுகூடல்பட்டியில் 1927இல் பிறந்தவர். சிறு வயதில் 7000 ரூபாய்க்குச் சுவீகாரம் கொடுக்கப்பட்டவர். பாசத்துக்கும் பணத்துக்கும் இடையே நடக்கும் பேரத்தை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருந்திராது.

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. ஆயினும் நம் குடும்பங்களில் 'சீர்' என்ற பெயரில் பவுன் கணக்குப் பேசப்படுகிறது. எண்ணிக்கை முடிந்த பின்னரே ஓலை வாசிக்க நாள் கேட்டு வருகிறார்கள். விசாரிக்க வருவோரிடம் நான் முதலில் கேட்பது, "பெண்ணிடம் கேட்டீர்களா?" என்பதே. பெரும்பாலும் மௌனந்தான் பதில். சென்ற மாதம் ஒரு தாய் மட்டும், "இன்றிரவே கேட்கிறேன், சாமி" என்று சொல்லிப் புறப்பட்டார். மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரிக்கவே அவர் வந்திருந்தார். அதை மறந்தே போய்விட்டார்.