எழும்பூரில் இருக்கும் சாட்சி

கோயில் நிலமா, தனியார் பட்டா நிலமா என்று ஒரு வழக்கு சூடுபிடித்தால், விவரம் தெரிந்த வழக்கறிஞர் கட்சிக்காரரிடம் முதலில் கேட்பது இதைத்தான்: “ஐ.எஃப்.ஆர். எடுத்தாச்சா?”

இனாம் ஃபேர் ரிஜிஸ்டர் என்பதன் சுருக்கம் அது. 1858-இல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷன் சென்னை மாகாணத்தில் ஊர் ஊராக விசாரித்து எழுதிவைத்த பதிவேடு. நிலத்தை யார் கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்பதில் தொடங்கும் அது. கோயில் பூஜைக்கா, தண்ணீர்ப் பந்தலுக்கா, ஊர்த் தச்சருக்கா என்ற விவரம் ஒரு கட்டத்தில் இருக்கும். விசாரணை நடந்தபோது நிலம் யார் அனுபவத்தில் இருந்தது, அவருக்கு என்ன வயது, அதிகாரி என்ன பரிந்துரைத்தார், கமிஷன் என்ன முடிவெடுத்தது என்று கட்டம் கட்டமாக நீளும். கடைசியில் ஒரு டி.டி. எண், அதாவது டைட்டில் டீட் எண். 160 ஆண்டுகளுக்கு முன் மை தொட்டு எழுதிய அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகல், பல கோடி ரூபாய் மதிப்புள்ள ஒரு வழக்கின் போக்கையே இன்றைக்கும் திருப்பிவிடுகிறது.

அந்த நகல் கிடைக்கும் இடம் எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், காந்தி இர்வின் சாலையில் இருக்கிறது. தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1909-இல் எழுந்த சிவப்புக் கட்டடம். அன்றைக்கு அதன் பெயர் மெட்ராஸ் ரிக்கார்டு ஆபீஸ். கிழக்கிந்தியக் கம்பெனி புனித ஜார்ஜ் கோட்டையில் உட்கார்ந்து எழுதிய 17-ஆம் நூற்றாண்டு ஆலோசனைக் குறிப்புகள் தொட்டு, மாகாண அரசின் அரசாணைகள், வருவாய் வாரிய நடவடிக்கைகள் என்று மலைபோல் குவிந்திருக்கிறது. பழைய மாகாணத்தின் தலைநகர் சென்னை என்பதால் இன்றைய ஆந்திரம், கேரளம், கர்நாடகம் ஆகியவற்றின் பகுதிகளுக்கான ஆவணங்களும் இங்கே உண்டு. கொச்சியில் ஆண்ட டச்சுக்காரர்களின் கையெழுத்து ஏடுகளும் இங்கேதான் இருக்கின்றன. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களை 2003-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. நெதர்லாந்து, இந்தோனேசியா, தென்னாப்பிரிக்கா, இலங்கை ஆகியவற்றோடு இந்தியாவின் பெயரும் அதில் இடம்பெற்றதற்கு இந்த ஏடுகளும் ஒரு காரணம்.

ஹென்றி டாட்வெல், பி.எஸ். பாலிகா போன்ற தேர்ந்த வரலாற்றாசிரியர்கள் இங்கே காப்பாளர்களாக இருந்தார்கள். அதனாலோ என்னவோ, ஆய்வு மாணவர்களும் பேராசிரியர்களும் போய் வருகிற இடம் என்றே இதைப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது. பழைய காகிதம் அதிகம் தேவைப்படுவது, கையில் எந்தக் காகிதமும் இல்லாதவருக்குத்தான். பஞ்சமி நிலத்தின் கதையை அறிந்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

1891-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர், அந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். உழுகிற நிலம் மட்டுமல்ல, குடிசை நிற்கிற மண்ணும் அவர்களுக்குச் சொந்தமில்லை என்பதை ஆதாரத்தோடு எழுதினார். பண்ணையாளாக எழுதிக்கொடுத்து அடிமைப்படும் முறையையும், தரிசு நிலத்துக்கு அவர்கள் மனுப் போட்டால் மிராசுதாரர்கள் எப்படித் தடுக்கிறார்கள் என்பதையும் விவரித்தார். அதன் பலனாக 30.9.1892 அன்று வருவாய்த் துறையின் 1010 மற்றும் 1010 ஏ எண்ணிட்ட அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலம் ஒப்படைக்க வழி பிறந்தது. அப்படி ஒப்படைத்த நிலத்தை முதல் பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதற்குப் பிறகு விற்றாலும் அதே வகுப்பாருக்குத்தான் விற்க வேண்டும் என்பது நிபந்தனை. பஞ்சமி நிலம் என்பதும், கிராமங்களில் இன்றும் ‘டி.சி. நிலம்’ (டிப்ரஸ்டு கிளாஸ் நிலம்) என்று சொல்வதும் இதைத்தான்.

ஒப்படைக்கப்பட்டது 12 லட்சம் ஏக்கர் என்று தலித் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அதில் பெரும்பகுதி கைமாறிப்போனது ஊரறிந்த உண்மை. நூறு ஆண்டுகள் கழித்து அந்த நிலத்தை மீட்கக் குரல் எழுந்தபோது, போராடியவர்கள் கையில் இருந்த பிடிமானம் அந்தப் பழைய அரசாணை. மாமல்லபுரம் பக்கம் காரணை கிராமத்து நிலத்துக்காக நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள். அவர்கள் கேட்டது சலுகை இல்லை. அரசு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த வாக்கைத்தான் கேட்டார்கள். அந்த வாக்கு எழுத்தில் இருந்தது, எழுதிய தாள் பத்திரமாக இருந்தது என்பதால்தான் ‘அப்படி ஒன்று கிடையவே கிடையாது’ என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஆனால் காப்பகத்தில் பிழைத்திருப்பது பாதிக் கதைதான். மூல அரசாணையும் அறிக்கையும் சென்னையில் இருக்கின்றன. எந்த ஊரில், எந்தச் சர்வே எண்ணில், யாருக்கு நிலம் ஒப்படைக்கப்பட்டது என்ற விவரமோ தாலுகாக்களில் எழுதப்பட்டது. நிலம் கேட்டுப் போகிறவர்கள் மோதி நிற்பது அங்கேதான். மனுக் கொடுத்தால் பல இடங்களில் வருகிற பதில், ‘ரிக்கார்டு இல்லை’. 1979-இல் தொடங்கிய யு.டி.ஆர். திட்டத்தில் நிலப் பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டபோது, பழைய ‘ஏ’ ரிஜிஸ்டரில் இருந்த டி.சி. குறிப்புகள் எத்தனையோ இடங்களில் விடுபட்டுப்போயின என்பது நில உரிமைக்காக உழைப்பவர்களின் நெடுநாள் குற்றச்சாட்டு. உரிமை இருக்கிறது, அதைத் தருகிற ஆணையும் இருக்கிறது. எந்த வயல் என்று காட்ட ஆள் இல்லை.

இதற்குக் காரணத்தைக் கரையான் மேல் மட்டும் போட முடியாது. அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பு முடியும்போது அதன் ஆயுளையும் எழுதிவிடுவார்கள். எல்.டிஸ். என்றால் ஓராண்டு. கே.டிஸ். என்றால் மூன்றாண்டு. டி.டிஸ். பத்தாண்டு. ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். அதற்கேற்பக் கோப்பு பதிவறைக்குப் போய், கெடு முடிந்ததும் அழிக்கப்படும். எல்லாக் காகிதத்தையும் வைத்துக்கொள்ள முடியாது, இப்படி ஒரு முறை வேண்டியதுதான். ஆனால், ஆயிரம் கோப்புகளுக்கு நடுவே திணறுகிற ஒரு பிரிவு எழுத்தரும் அவருடைய கண்காணிப்பாளரும் அவசரத்தில் எழுதுகிற அந்த இரண்டெழுத்துதான், நூறு வருஷம் கழித்து ஒரு குடும்பத்துக்குச் சாட்சி இருக்குமா இருக்காதா என்பதைத் தீர்மானிக்கிறது. காப்பகத்தின் ஆள் அந்த மேசைக்கு வருவதே இல்லை. காப்பகம் என்றால் வந்து சேர்வதை வாங்கி அடுக்கும் கிடங்கு என்ற நினைப்பு மாற வேண்டும். எது அழியலாம், எது அழியக் கூடாது என்று சொல்லும் அதிகாரம் அதற்கு வேண்டும்.

டெல்லியின் நிலையிலும் பெரிய வித்தியாசமில்லை. 1891-இல் கல்கத்தாவில் தொடங்கிய இம்பீரியல் ரிக்கார்டு டிபார்ட்மென்ட்தான் இன்றைய தேசிய ஆவணக் காப்பகம். அதன் தலைமை இயக்குநராக இருந்த சந்தன் சின்ஹா 2022 டிசம்பரில் வெளிப்படையாகவே சொன்னார்: 1962, 1965, 1971 போர்கள் பற்றிய ஆவணங்கள் காப்பகத்திடம் இல்லை, பசுமைப் புரட்சி பற்றியும் இல்லை. மத்திய அரசில் 151 அமைச்சகங்களும் துறைகளும் இருக்க, அவற்றில் 36 உட்பட மொத்தம் 64 அமைப்புகளின் ஆவணங்களே வந்து சேர்ந்திருக்கின்றன என்றார். சி. சுப்பிரமணியம் உணவு, வேளாண் அமைச்சராக இருந்து எடுத்த முடிவுகள் இந்த நாட்டின் சோற்றுப் பானையையே மாற்றியவை. அந்தக் கோப்புகள் காப்பகத்துக்கு வராமலே கிடக்கின்றன என்பதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்துப்போனது.

இத்தனைக்கும் மத்திய அரசுக்கு இதற்கென ஒரு சட்டம் இருக்கிறது. 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம். ஆவணங்களைச் சட்டத்துக்குப் புறம்பாக அழித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதில் ஒரு பிரிவு எனக்கு மிகவும் பிடிக்கும்: 1892-ஆம் ஆண்டுக்கு முன் உருவான எந்த ஆவணத்தையும், பயன்படுத்தவே முடியாதபடி சிதைந்துபோனால் ஒழிய, அழிக்கக் கூடாது. நல்ல கோடுதான். ஆனால் கூர்ந்து பாருங்கள், பஞ்சமி அரசாணை பிறந்ததே 1892 செப்டம்பரில். அந்தக் கோட்டுக்கு ஒரு சில மாதம் வெளியே நிற்கிறது அது. இந்தச் சட்டம் மத்திய அரசுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும்தான். மாநில அரசு அலுவலகங்களை இது கட்டுப்படுத்தாது. மகாராஷ்டிரம் 2005-இலும் கர்நாடகம் 2010-இலும் தங்களுக்கென்று தனிச் சட்டம் செய்துகொண்டன. எந்த மாநிலமானாலும், அழிக்கும் பட்டியலில் காப்பகத்தின் ஒப்புதல் இல்லாமல் ஒரு கட்டு காகிதம்கூடப் பதிவறையை விட்டு வெளியேறக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

வந்து சேர்ந்ததைக் காப்பாற்றுவதும் லேசான வேலையில்லை. 18-ஆம் நூற்றாண்டுத் தாள் பருத்திக் கந்தலில் செய்தது. தொட்டால் இன்னும் துணிபோல வளையும். மரக்கூழில் செய்த 20-ஆம் நூற்றாண்டுத் தாள் அதைவிட வயதில் இளையது, ஆனால் அதில் உள்ள அமிலமே அதைத் தின்று பழுப்பாக்கிவிடுகிறது. மடித்த இடத்தில் அப்பளமாக நொறுங்கும். இரும்புச் சத்துள்ள பழைய மை, எழுத்து இருந்த இடத்தையே அரித்து ஓட்டையாக்கும். செப்பனிடுகிறவர் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு தாளாக எடுத்து, சுண்ணாம்புக் கரைசலில் அமிலம் போக்கி, உலர்த்தி, இரண்டு பக்கமும் மெல்லிய ஷிபான் பட்டுத் துணியை மாவுப் பசையால் ஒட்டி, ஓரம் வெட்டி, மறுபடி தைத்துக் கட்டுகிறார். கை பதறினால் ஒரு வரி போய்விடும். இந்தக் கைத்திறனுக்கு ஆள் எடுக்காமல் ஸ்கேனர் மட்டும் வாங்கி வைத்துப் பயனில்லை. ஸ்கேன் செய்வதற்கே முதலில் தாள் விரிந்து கிடக்க வேண்டும்.

ஸ்கேன் செய்துவிட்டால் மூலம் எதற்கு என்று சில அதிகாரிகள் கேட்கிறார்கள். நீதிமன்றத்தில் அதற்குப் பதில் இருக்கிறது. 30 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஓர் ஆவணம் முறையான காவலில் இருந்து வந்தால், அதன் கையெழுத்து உண்மையானது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம் என்றது 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம். 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் அதை அப்படியே வைத்திருக்கிறது. எழுதியவரும் கையெழுத்திட்டவரும் செத்துப்போன பிறகு, அந்தத் தாளுக்காகப் பேசுவது அது இருந்த இடம்தான். முல்லைப் பெரியாறு குத்தகை எழுதப்பட்டது 1886-இல், மைசூரோடு காவிரி ஒப்பந்தம் 1892-இல். இரண்டையும் வைத்துத்தான் இன்றைக்கும் மாநிலங்கள் வாதாடுகின்றன.

உங்கள் ஊர் நிலத்தின் இனாம் பதிவேடு வேண்டும் என்றால் எழும்பூரில் மனுக் கொடுக்கலாம். கிளம்புவதற்கு முன் அன்றைய மாவட்டம், தாலுகா, கிராமத்தின் பழைய பெயர் ஆகியவற்றைத் தெரிந்துகொண்டு போங்கள். விழுப்புரத்துக்காரர் தென்னாற்காட்டிலும், வேலூர்க்காரர் வடாற்காட்டிலும், திண்டுக்கல்காரர் மதுரையிலும் தேட வேண்டியிருக்கும். டி.டி. எண் வீட்டுப் பழைய பத்திரத்தில் இருந்தால் தேடும் வேலை பாதி குறையும்.

இன்னொன்றும் செய்யுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(அ) பிரிவு, எல்லா ஆவணங்களையும் அட்டவணையிட்டு வைக்கும்படி ஒவ்வொரு பொது அதிகார அமைப்புக்கும் கட்டளையிடுகிறது. உங்கள் தாலுகா ஆபீசிலோ நகராட்சியிலோ பழைய கட்டுகள் லாரியில் ஏறுவதைக் கண்டால் சும்மா கடந்து போகாதீர்கள். அழிக்கும் பட்டியல் எங்கே, அதில் கையெழுத்துப் போட்டது யார் என்று அன்றைக்கே எழுதிக் கேளுங்கள்.