மறதி நோயும் பற்றுச்சீட்டில்லா மருந்தும்

கற்பிட்டி முதல் சிலாபம் வரையுள்ள நம் கரையோரத்தில், வாப்பாவுக்கோ அம்மாவுக்கோ மறதி நோய் கண்டதும், கிளினிக்கில் கொடுத்த டொனெபெசில் குளிசையை நிறுத்திவிட்டு, கரண்டி கரண்டியாகத் தேங்காயெண்ணெயும், தயாரித்தவர் முகவரியே இல்லாத போத்தலில் வரும் மஞ்சள் குளிசையும் கொடுக்கும் குடும்பங்களை மீண்டும் மீண்டும் காண்கிறேன். பணம் போனபின் முறையிட வருவோரிடம் பற்றுச்சீட்டைக் கேட்டால் கையை விரிக்கிறார்கள்.

அல்சைமர் நோயில் அமிலாய்ட் பீற்றா என்னும் சிறு புரதம் மூளையில் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கிறது என்பதும், உயிரணுச் சவ்விலுள்ள கொழுப்புகள் சில அத்திரட்சியைத் துரிதப்படுத்துகின்றன என்பதும், மஞ்சளின் குர்குமின் சோதனைக் குழாயில் அதைத் தடுக்கிறது என்பதும் மெய்யே. ஆயினும் விழுங்கிய குர்குமினில் மிகச் சொற்பமே இரத்தத்தில் சேர்கிறது. 2012-இல் வெளியான அமெரிக்கப் பரிசோதனையில் 24 வாரம் உட்கொண்ட நோயாளருக்கும் பயன் தென்படவில்லை. தேங்காயெண்ணெய்ப் பிரசாரமோ, 2008-இல் வைத்தியர் மேரி நியூபோர்ட், மறதி நோயுற்ற தம் கணவருக்கு அதைக் கொடுத்ததுபற்றி எழுதியதிலிருந்து பரவியது. கறிக்கு ஊற்றும் எண்ணெயை நான் குறைகூறவில்லை. மருந்தென்று அளவின்றிக் குடித்தால் கெட்ட கொலஸ்திரோல் ஏறும். இரத்தம் உறையாதிருக்க வார்பரின் எடுப்போருக்கு மஞ்சள் குளிசையால் இரத்தக்கசிவு அபாயமும் உண்டு. 2019-இன் இறுதியில் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டபின் இக்கரையிலேயே கடத்தல் மஞ்சள் மூட்டை மூட்டையாகப் பிடிபட்டதை நாம் அறிவோம். லேபலற்ற தூளில் என்ன கலந்திருக்கிறதென்று யார் பொறுப்பேற்பது?

முதலில் புத்தளம் ஆதார வைத்தியசாலைக்கோ சிலாபம் பொது வைத்தியசாலைக்கோ சென்று, தைரொயிட், விற்றமின் பி12 குறைகளால் வந்த மறதியா என்று இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அவை சிகிச்சைக்கு இணங்குபவை. வைத்தியரைக் கேளாமல் குளிசையை நிறுத்தாதீர்கள்.

வாங்கியே தீருவீர்களாயின், பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் வியாபாரி அதைக் கொடுத்தே ஆகவேண்டும். உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளென்றால், வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்துமூலம் அதிகாரசபைக்கு முறையிட வேண்டும். பற்றுச்சீட்டு, லேபல், நோயைக் குணமாக்குமென்று சொன்ன விளம்பரத் துண்டு ஆகியவற்றின் பிரதிகளை இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். உணவுப்பொருளாக விற்றிருந்தால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் ஒரு பிரதியைக் கொடுங்கள். கடைத்தெருவில் பகிரங்கமாக விற்பதை முறைப்பாடு வரும்வரை கண்டுகொள்ளாத உத்தியோகத்தர்கள், முறைப்பாடு வந்ததும் எங்கள் வேலையன்று என்று மேசைக்கு மேசை அலைக்கழிக்கக்கூடும். ஆகையால் பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமும் திகதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டோமே என்று இருந்துவிடவும் வேண்டாம். மூன்று மாதக் கெடுவுக்குள் எழுதிய கடிதம் போய்ச்சேர வேண்டும்.