ஓதுவார் என்றோர் உத்தியோகம்

மேலைநாட்டுத் தேவாலயங்களில், பன்னூறாண்டுப் பழமையுடைய திருப்பாடல்களைப் பல குரல்களை இணைத்துப் பாடுவிப்பதையே ஆயுட்கால விரதமாகக் கொண்ட இசைநெறியாளர் எய்தும் கீர்த்தியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், தெற்கே திருக்கானப்பேராகிய காளையார்கோவிலும் வடமேற்கே திருப்புத்தூரும் பாடல் பெற்ற தலங்களாக விளங்க, நடுவே அமைந்த கல்லலில் வாழும் நமக்கு அந்த உத்தியோகம் புதியதன்று என்று தோன்றுவது இயல்பே.

தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய முதலாம் இராசராசன் நியமித்தவர் பிடாரர் 48 பேர். உடுக்கைக்கு ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர். ஆளுக்கு நாள்தோறும் மூன்று குறுணி நெல் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறது. அந்தக் கோஷ்டியின் ஸ்தானத்தில் இன்று நிற்பவர், தீபாராதனை ஆனதும் பஞ்சபுராணம் பாடிவிட்டு ஒதுங்கும் ஒரே ஓதுவாமூர்த்தி. எத்தனையோ சிற்றூர்ச் சிவாலயங்களில் அவரும் இல்லை.

இளம் பிராயத்தில் ஆதீனத்துப் பாடசாலையில் சேர்ந்து, குருநாதர் ஓரடி சொல்லத் தாம் ஈரடி சொல்லி, கொல்லி என்ற பண் நவரோஜ் ராகமாகவும் காந்தாரபஞ்சமப் பண் கேதாரகௌளையாகவும் இன்று வழங்குவதை ஏட்டால் அல்லாது செவியால் அறிந்து தேறுவதே ஓதுவார் கல்வி. திருச்செங்காட்டங்குடியில் ஓதுவார் மரபில் 1908இல் தோன்றிய தண்டபாணி தேசிகர், 1942இல் நந்தனார் படத்தில் நடித்துப் புகழ்பெற்று, பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தார். தருமபுரம் சுவாமிநாதனோ ஆதீனப் பயிற்சியின் பயனை ஒலிப்பதிவுகளாக வீடுதோறும் கொண்டுசேர்த்தார். கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்ற தமிழிசை இயக்கமும், 1943இல் எழுந்த தமிழ் இசைச் சங்கமும், அச்சங்கம் 1949 முதல் நடத்திய பண் ஆராய்ச்சியும் வாசகர் அறிந்தவையே.

என் கவலை வேறு. தாளக்கட்டோடு பாடும் பண்ணாங்கத்தில் பலர் ஒருமித்துப் பாடுவது எளிது; தாளமின்றிப் பாடும் சுத்தாங்கத்திலோ, முன்னெடுத்துக் கொடுப்பவர் எவ்விடத்தில் மூச்சு வாங்குகிறார், எச்சொல்லில் தயங்குகிறார், எவ்வடியை நீட்டி நிறுத்துகிறார் என்பதை அருகிருப்பவர் உணர்ந்து தொடர்ந்தாலன்றி ஐந்து குரல் ஐந்து திக்கில் போய்விடும். ஒருவரே தனித்துப் பாடும் சந்நிதியில் அந்த வித்தைக்கு வேலை ஏது? இந்நாளில் பிள்ளைகள் கைபேசியில் ஒரு பெரியவரின் குரலைக் கேட்டு அப்படியே பாடிக்காட்டுகிறார்கள்; சுருதி பிசகுவதில்லை, உச்சரிப்பும் சுத்தம்; ஆனால் பக்கத்தில் மற்றொருவர் சேர்ந்தால் திணறுகிறார்கள். ஒலிப்பதிவு இல்லாதிருந்தால் இந்த அளவும் மறைந்திருக்கும் என்பாரும் உளர்; அது மெய்தான். எனினும் தவறிய இடத்தில் நிறுத்தி, "மறுபடி சொல்லு தம்பி" என்று கைபேசி கேட்பதில்லை; ஓர் ஆசிரியர்க்கும் மற்றோர் ஆசிரியர்க்கும் இருந்த நுட்பமான பாடபேதங்களும் ஒரே குரலுக்குள் அடங்கிப்போகின்றன. (போட்டி மேடைகளில் பரிசு பெறுவதும் அந்த ஒரே குரலின் நகல்தான் என்பதை நடுவர்களே தனியே ஒப்புவார்கள்.)

கோபுரத்துக்கும் கும்பாபிஷேகத்துக்கும் கணக்குப் பாராமல் அள்ளிக்கொடுக்கும் நகரத்தார் பெருமக்கள், ஒரு குருவையும் நான்கு பிள்ளைகளையும் ஒரே கூடத்தில் அமர்த்தி, சாப்பாடும் சம்பளமும் தந்து ஐந்தாண்டு காலம் காப்பாற்ற முன்வர வேண்டும். அடுத்த திருப்பணிக் கணக்கில் இதற்கும் ஒரு பற்று எழுதுங்கள்.