மீன் ஓடும்போது இறுக்கலாமா?

1953 ஆகஸ்டு 4 அன்று, பெரு நாட்டின் கபோ பிளாங்கோ கடலில், ஆல்பிரட் கிளாசெல் படகிலிருந்து தூண்டில் போட்டு 707 கிலோ கறுப்பு மார்லின் மீனைப் பிடித்தார். யானைக்குட்டியைவிடக் கனமான மீன்! கயிறு எப்படி அறாமல் தாங்குகிறது?

கயிறு சுற்றிய உருளையில் ஒரு பிரேக் உண்டு. கயிறு அறும் பலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இழுப்பு வந்ததுமே அது வழுக்கி, கயிற்றை விட்டுக்கொடுக்கும். படகும் பின்தொடரும். மீன் ஓடி ஓடிக் களைக்கும்.

ஆனால் கயிறு ஓட ஓட, உருளையில் எஞ்சிய சுற்றின் ஆரம் குறைகிறதல்லவா? ஆரம் பாதியானால், அதே பிரேக்கை வழுக்கச் செய்ய இரு மடங்கு இழுப்பு வேண்டும். மூன்றில் ஒரு பங்கு, இரண்டு பங்காகிவிட்டது! நீண்ட கயிற்றைக் கடல்நீரும் தடுத்து இழுக்கிறது. நீங்களாக இருந்தால் பதறிப்போய்ப் பிரேக்கை இறுக்குவீர்கள், கயிறு அறுந்துவிடும். தேர்ந்தவர்கள் அப்போதுதான் அதைச் சற்றுத் தளர்த்துகிறார்கள்.