மின்சாரம் நின்றால் கப்பலும் நிற்கும்

சங்கரன்கோவிலில் மின்தடை ஏற்பட்டால் விசைத்தறிகள் நிற்கும். மின்சாரம் திரும்பியதும் மீண்டும் ஓடும். நடுக்கடலில் செல்லும் போர்க்கப்பலுக்கு அந்த அவகாசம் கிடையாது. ரேடார், சுக்கான், தீயணைப்பு பம்புகள், ஆயுதங்கள் என எல்லாமே மின்சாரத்தை நம்பியிருக்கின்றன. இவ்வூரில் பிறந்து, போர்க்கப்பல்களின் மின்னமைப்புகளை மேம்படுத்தும் பொறியாளனாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். வெளியே அதிகம் பேசப்படாத அத்துறையை இப்போது பேசவேண்டிய தேவை எழுந்துள்ளது.

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரத்தில் நியூட்ரல் கம்பி பூமியுடன் இணைக்கப்பட்டிருக்கும். கசிவு ஏற்பட்டால் இணைப்பு உடனே துண்டிக்கப்படுவதே நமக்குப் பாதுகாப்பு. போர்க்கப்பலில் நிலைமை நேர்மாறானது. துண்டிப்பே அங்கு ஆபத்து. எனவே, பொதுவாக அங்கு எந்த மின்கம்பியும் கப்பலின் உடலுடன் இணைக்கப்படுவதில்லை. ஒரு கம்பி சேதமடைந்து உடலைத் தொட்டாலும் மின்சாரம் நிற்காது. எச்சரிக்கை மட்டுமே வரும். ஆனால், அந்த முதல் பழுதை அப்படியே விட்டுவைத்து, மற்றொரு கம்பியிலும் பழுது ஏற்பட்டால் 'ஷார்ட் சர்க்யூட்' நிகழும். கிளை கிளையாகப் பிரித்து அந்த முதல் பழுதைத் தேடுவதிலேயே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. 2022-இல் கடற்படையில் சேர்ந்த விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலில் மட்டும் ஏறத்தாழ 2,400 கி.மீ. நீளத்துக்கு மின்வடங்கள் உள்ளன என்றால், அத்தேடலின் கடினம் விளங்கும்.

ஒரு பழுது அடுத்ததற்குப் பரவக் கூடாது என்பதே இத்துறையின் அடிப்படை விதி. ஜெனரேட்டர்களை வெவ்வேறு பகுதிகளில் வைப்பதும், முக்கியக் கருவிகளுக்கு இரு வழிகளில் மின்சாரம் தருவதும் அதற்காகத்தான். ஒரு ஜெனரேட்டர் நின்றால், முக்கியமல்லாத இணைப்புகள் முதலில் துண்டிக்கப்படும்.

இவ்விதி தவறினால் என்னவாகும் என்பதற்கு பிரிட்டனின் 'டைப் 45' ரகப் போர்க்கப்பல்கள் சான்று. அவற்றின் உந்துவிசையும் மின்மோட்டார்கள் வழியே கிடைப்பதுதான். வெப்பமான கடல்களில் எரிவாயுச் சுழலியின் குளிரூட்டும் பகுதி திணறியது, சுழலி நின்றது, முழுச் சுமையையும் தாங்க முடியாமல் டீசல் ஜெனரேட்டர்களும் நின்றன, கப்பல் இருளில் மூழ்கியது. ஒப்பந்த வரையறையைவிடக் கடுமையான சூழலில் அவை இயக்கப்பட்டதாக 2016-இல் நாடாளுமன்றக் குழுவிடம் தயாரிப்பாளர் தரப்பு கூறியது. இப்போது அந்த ஆறு கப்பல்களிலும் இரண்டு டீசல் ஜெனரேட்டர்களுக்குப் பதிலாக, ஆற்றல் மிகுந்த மூன்றைப் பொருத்தும் திட்டம் மேற்கொள்ளப்பட்டுள்ளது.

2024 நவம்பர் 28 அன்று, இந்தியக் கடற்படையின் எதிர்காலக் கப்பல்களுக்கான மின் உந்துவிசை அமைப்புகளை இணைந்து உருவாக்க, இந்தியாவும் பிரிட்டனும் போர்ட்ஸ்மவுத் நகரில் விருப்ப ஆவணத்தில் கையொப்பமிட்டன. இது வரவேற்கத்தக்கது. மின் உந்துவிசை இரைச்சலைக் குறைக்கும், எரிபொருளையும் மிச்சப்படுத்தக்கூடும். ஆனால், அவர்களுக்கு அரிதாக வாய்க்கும் வெப்பக் கடல் நமக்கு அன்றாடம். ஆகவே, நம் கடலின் உச்சபட்ச வெப்பநிலை முதல் நாளிலேயே ஒப்பந்த வரையறையில் இடம்பெற வேண்டும். முழு அமைப்பையும் கரையில் நிறுவி, முழுச் சுமையில் சோதித்த பின்னரே கப்பலில் ஏற்ற வேண்டும். ஒரு ஜெனரேட்டரை வேண்டுமென்றே நிறுத்தி, மற்றவை தாங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். கரையில் தாங்காத அமைப்பு கடலிலும் தாங்காது.